பச்சை தெரிந்தது என்று எழுதினேன்

ஐம்பத்தெட்டு வயதில் வேலையை விட்டவனை ஓய்வுபெற்றவர் என்று சொல்ல என் மனைவி சாந்தி இன்னும் சம்மதிக்கவில்லை. "ஓய்வெண்டால் முதல்ல வேலை செய்திருக்க வேணுமெல்லோ" என்கிறாள். செய்தேன். இருபத்தாறு வருடம், ஆக்லாந்தில் ஒரு கடலுயிர் ஆய்வுக்கூடத்தில் மஸ்ஸல் பார்த்தேன். பாறையிலும் இறங்குதுறைக் கால்களிலும் கொத்துக்கொத்தாக ஒட்டிக்கிடக்கும் நீளச் சிப்பிக்குப் பெயர்தான் மஸ்ஸல். யாழ்ப்பாணத்தில் ஓடு இரண்டாகத் திறக்கிற எல்லாவற்றையும் மட்டி என்று சொல்லிச் சட்டியில் போட்டுவிடுவோம். இங்கே யாராவது ஒருவர் அதைப் பார்த்து, இது இந்தக் கரைக்குச் சொந்தமானதா, கப்பலின் அடியில் தொற்றிக்கொண்டு வந்து இறங்கியதா என்று சொல்ல வேண்டும். அந்த யாராவது ஒருவர் நான்தான்.

இப்போது அதற்கு ஒரு போத்தல் கடல்தண்ணீர் போதும். வடிகட்டிப் பரிசோதித்தால் எந்தெந்த உயிர் அந்தப் பக்கம் இருக்கிறது என்று இயந்திரம் சொல்லிவிடுகிறது. இயந்திரம் கோயிலுக்குப் போவதில்லை. ஆகவே நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அனுப்பிவைக்கும்போது ஒரு மத்தியான விருந்து வைத்தார்கள். "பாலா, அந்தச் சூரன் கதையைச் சொல்லு" என்று எல்லோரும் கேட்டார்கள். மவுண்ட் ரோஸ்கில்லில் பிறந்தநாள் வீடு, தகனினியில் புதுவீடு குடிபூரல், எங்கே நாலு தமிழர் கூடினாலும் என்னிடம் கேட்கப்படுகிற கதை அது. நம் தமிழ்ச் சங்கத்தின் இந்த ஆண்டு மலரைக் கையில் வைத்திருப்பவர்களில் பாதிப் பேராவது கேட்டுச் சிரித்திருப்பீர்கள். கந்தசஷ்டி, சாந்தியின் பிரிட்ஜ், கார் டிக்கிக்குள் செத்துப்போன ஒரு மஸ்ஸல். அந்தக் கதையை ஒவ்வொரு முறையும் ஓர் ஆளையும் ஒரு கதவைப் பூட்டித் திறக்கிற திறப்பையும் விட்டுவிட்டே சொல்லி வந்திருக்கிறேன். இம்முறை விடவில்லை.

இந்த வேலைக்கு வந்த விதத்தை நீட்டப் போவதில்லை. பாதியில் விட்ட விலங்கியல் பட்டம், அகதி விண்ணப்பம், மூன்று வருடம் ஒரு தொழிற்சாலையில் மஸ்ஸல் ஓடு பிரித்த கை, பிறகு ஆய்வுக்கூடத்தில் தட்டுக் கழுவுகிற வேலை. தட்டுக் கழுவியவனை நுணுக்குக்காட்டிக்கு முன்னால் உட்காரவைத்தவர் கிரஹாம்.

கிரஹாம் என்னுடைய மேலதிகாரி. ஒல்லி, நெடுவல், முழங்கையில் ஓட்டை விழுந்த கம்பளிச் சட்டை. அவர் யாரையும் "பிழை" என்று சொல்லி நான் கேட்டதில்லை. நீங்கள் எழுதிக்கொடுத்தது பிழை என்றால், மஸ்ஸல் வைத்த தட்டை ஒற்றை விரலால் உங்கள் பக்கமாக மெதுவாகத் தள்ளிவிடுவார். அவ்வளவுதான். அந்த விரலுக்கு நான் பட்ட பயத்தைச் சோதனைச் சாவடியில்கூடப் பட்டதில்லை.

முதன்முதல் அவர் என்னைக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போனது ஒரு ஆடி மாதத்தில். ஊரில் ஆடி என்றால் வெயில், கூழ். இங்கே எலும்பைக் கழற்றிப் பார்க்கிற குளிர். நகரத்துக்கு வடக்கே, ஆளில்லாத ஒரு பாறைக் கரை. என் வேலை, வெப்பமானியைத் தண்ணீருக்குள் பிடித்து அளவைச் சொல்வது. குனிந்தேன். ஓர் அலை வந்தது. பெரிய அலை ஒன்றுமில்லை, முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே. ஆனால் நான் "முருகா!" என்று கத்திக்கொண்டு நாலு காலில் பாறையில் ஏறினேன். ஏறிய இடம் முழுக்கச் சின்னக் கறுப்பு மஸ்ஸல். தார் ஊற்றியதுபோல் பாறையை மூடிக்கிடக்கும், ஓரம் பிளேடுபோல் இருக்கும். உள்ளங்கை இரண்டும் கிழிந்தன. கிரஹாம் அசையாமல் நின்றார்.

"தண்ணீர் எத்தனை பாகை?" என்று கேட்டார்.

"பத்து."

"பார்த்தாயா, நினைத்தாயா?"

வெப்பமானி என் கையில்தான் இருந்தது. நான் அதைப் பார்த்திருக்கவில்லை. "நினைத்தேன்" என்றேன்.

"அப்படியானால் எழுத வேண்டாம்."

இரத்தக் கையோடு மறுபடி இறங்கிப் பார்த்தேன். பதின்மூன்றரை. அந்த நாளிலிருந்து என் ஒவ்வொரு படிவத்திலும் கையெழுத்திடுவதற்கு முன் அவர் அதே கேள்வியைக் கேட்டார். பார்த்தாயா, நினைத்தாயா?

படிவத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு மஸ்ஸல் வந்தால் முதல் வேலை, ஓட்டை இலேசாக நெம்பி, அரிசியளவு சதையை வெட்டி, ஆல்கஹால் குப்பியில் போடுவது. வேறெதைச் செய்வதற்கும் முன் அது. அந்தத் துண்டு குப்பிக்குள் இருந்தால் வருடக்கணக்காகக் கெடாது. சந்தேகம் வந்தால் பரிசோதனைக்கு அனுப்பலாம். அடுத்தது, ஓட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பார்ப்பது. அடுத்தது, தண்ணீருக்குள் வைத்துத் திறந்து சதையின் ஓரத்தைப் பார்ப்பது. எங்கள் கரையின் பச்சை உதட்டு மஸ்ஸலுக்கு ஓட்டின் உள்விளிம்பு பச்சை, சதையின் ஓரம் வழவழப்பு. வெளியிலிருந்து வரக்கூடிய பழுப்பு மஸ்ஸல் ஒன்று உண்டு. வெளித்தோற்றத்தில் கிழட்டுப் பச்சை உதட்டுக்காரனைப் போலவே இருந்து ஏமாற்றும். ஆனால் அதன் சதையோரத்தில் சேவல் கொண்டைபோலச் சின்னச் சின்ன முளைகள் வரிசையாக நிற்கும். சதை கெட்டுவிட்டால் அந்த முளைகளும் போய்விடும். பிறகு ஓட்டை வைத்து ஊகிக்கலாமே தவிர அடித்துச் சொல்ல முடியாது.

படிவத்தின் கடைசியில் மூன்று பெட்டிகள். சொந்தம். அந்நியம். சொல்ல முடியாது. மூன்றாவது பெட்டி கிரஹாம் கேட்டுப் போடுவித்தது. அவர் அதில் தாராளமாக டிக் போடுவார். நான் போடமாட்டேன். சொல்ல முடியாது என்று சொல்வதற்கா ஒருவனுக்கு வேலை? பத்துப் பன்னிரண்டு வருடம் போன பிறகு ஆய்வுக்கூடத்தில் என்னைக் "கண்" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். 'கண்ணிடம் கொடு', 'கண் என்ன சொல்லுது?' அதைக் கேட்கும்போது எனக்கு எப்படியிருக்கும் என்று நான் இங்கே எழுதப் போவதில்லை. வீட்டில் அப்படி யாரும் கூப்பிடுவதில்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

கதையில் நான் விட்டுவிடுகிற ஆள் தேவி.

தேவி ஈப்போவில் பிறந்த மலேசியத் தமிழ்ப் பெண். தகனினியில் தாயோடும் இரண்டு பிள்ளைகளோடும் இருந்தாள். நாங்கள் மேசைக்காரர், அவள் கரைக்காரி. தண்ணீர் வற்றுகிற நேரம் பார்த்து, விடியலோ மழையோ, துறைமுகத் தூண்களுக்கு அடியில் இறங்கிச் சந்தேகமானதைக் கொண்டுவருகிற ஒப்பந்த வேலை. வருடத்துக்கு ஒரு முறை ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும். அந்த வருடம் அவள் ஏற்கெனவே இரண்டு முறை "இது வெளிநாட்டுச் சாமான்" என்று கொண்டுவந்து, இரண்டும் நம்முடையதாகிப் போனது. ஒவ்வொரு முறையும் தண்ணீருக்குள் மூழ்கித் தேடச் சுழியோடிகளை ஆயத்தப்படுத்த வேண்டும், துறைமுகக்காரருக்கு அறிவிக்க வேண்டும். கிரஹாமுக்கும் மேலே இருந்தவர்கள் முகம் சுளித்தார்கள். மூன்றாவதும் வெறும் சத்தமானால் ஒப்பந்தம் இல்லை என்று அவளுக்கு நேரடியாகவே சொல்லிவிட்டார்கள்.

அது ஏழு வருடத்துக்கு முன், கந்தசஷ்டியின் ஆறாம் நாள், சனிக்கிழமை. சாந்தி ஆறு நாளும் விரதம். வீட்டுப் பிரிட்ஜ் மஞ்சள் தண்ணீரால் துடைக்கப்பட்டு, மீனோ இறைச்சியோ, மச்சம் என்ற பேச்சே எடுக்கக்கூடாத நிலையில் இருந்தது. கராஜில் இருக்கிற மற்றப் பிரிட்ஜில் கோயில் அபிஷேகத்துக்குப் பாலும் மாலைகளும். நான் விரதம் பிடிப்பவனல்ல; முதல்நாள் மத்தியானம் வேலைத்தலத்தில் கோழி பர்கர் சாப்பிட்டவன். ஆனால் கோயிலில் அன்று பின்னேரம் சூரசம்ஹாரத்துக்குச் சூரன் உருவத்தைத் தூக்குகிறவர்களில் நான் ஒருவன். சூரனைத் தோளில் வைத்துக் குலுக்கிக் குலுக்கி ஆட்டுவதில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. சின்னப் பிள்ளைகள் என்னைப் பார்த்துத்தான் கத்துவார்கள். அதனால் அன்று மட்டும் ஆசாரம். காலமை பத்துக்கே தலைமுழுகி, வேட்டி கட்டி, நீறு பூசி நின்றேன்.

பதினொரு மணிக்குத் தேவி வந்தாள். வடக்கே ஒரு சின்னத் துறைமுகத்திலிருந்து நேரே வருகிறாள். தலைமயிரிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டியது. கையில் சில்லிபின் என்று இங்கே சொல்கிற குளிர்ப்பெட்டி. அந்த வார இறுதிக்குக் கடமை என்னுடையது. மாதிரி எது வந்தாலும் நான்தான் பொறுப்பு. ஆய்வுக்கூடத்துத் திறப்பு என் சட்டைப் பையில் இருந்தது.

"அண்ணே, இது நம்ம கரைச் சாமான் இல்லண்ணே" என்றாள், வணக்கம்கூடச் சொல்லாமல். "கொஞ்சம் வாயத் தொறந்துச்சு, ஓரத்தப் பார்த்தேன். முளை முளையா இருக்கு. படம் எடுத்தேன், தூறல்ல எல்லாம் மங்கிப் போச்சு."

"எத்தினை கிடைச்சது?"

"ஒண்ணுதான். அதுக்குள்ள தண்ணி ஏறிடுச்சு. இந்த ஒண்ண நம்பித்தாண்ணே இருக்கேன்."

"பயப்படாதேயும் தேவி. திங்கள் பாப்பம்."

"திங்களா? இன்னிக்கே ஆல்கஹால்ல போட்டுருங்கண்ணே. நானே வெட்டிருவேன், ஆனா எனக்கு அனுமதி இல்லல்ல. குப்பி பெட்டிக்குள்ளயேதான் இருக்கு."

"ஓம், ஓம், செய்யிறன்."

குப்பி உள்ளேயே இருந்தது. கத்தியும் இருந்தது. இரண்டு நிமிட வேலை. வாசலிலேயே செய்திருக்கலாம். செய்யவில்லை. ஏனென்றால் நான் முழுகிவிட்டேன். முழுகி, வேட்டி கட்டி, நீறு பூசியவன் மச்சத்தில் கைவைத்து வெட்டினால் மறுபடி முழுக வேண்டும். நேற்றுக் கோழி தின்றவனுக்கு இன்று இவ்வளவு சுத்தம்.

கூட்டங்களில் நான் சொல்கிற கதையில் இந்த இடத்தில் சாந்தி வருவாள். இடுப்பில் கைவைத்து, பிரிட்ஜுக்கு முன்னால் நின்று, "மச்சத்தை உள்ளுக்குக் கொண்டந்தீங்களெண்டால் நீங்களும் வெளியிலதான்" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். அவள் அப்படிச் சொன்னது உண்மை. ஆனால் பிரிட்ஜ் ஒரு பிரச்சினையே இல்லை. ஆல்கஹாலுக்குள் போன துண்டுக்குப் பிரிட்ஜ் எதற்கு? ஆய்வுக்கூடம் வீட்டிலிருந்து இருபது நிமிடம். திறப்பு பையில். பிரிட்ஜைக் கதைக்குள் கொண்டுவந்தது நான்.

குளிர்ப்பெட்டியைக் கார் டிக்கிக்குள் வைத்தேன். 'கோயில் முடிய ஆய்வுக்கூடத்துக்குப் போவம்' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கோயில் கார்த்தரிப்பிடத்தில் அன்று நல்ல வெயில். சூரனுக்கு மூன்றாவது தலை மாற்றும்போது ஒரு கணம் டிக்கி ஞாபகம் வந்தது. அந்தக் கணத்தில் ஒரு குழந்தை, "அங்கிள், ஷேக் இட்!" என்று கத்தியது. ஆட்டினேன். ஆட்டிய ஆட்டத்தில் முதுகு பிடித்தது. வீட்டுக்கு வந்து தைலம் பூசிப் படுத்தவன், ஞாயிறு பாறணைச் சாப்பாட்டுக்கு எழும்பி, சாப்பிட்டு, மறுபடி படுத்தேன்.

திங்கள் காலை மோட்டார்வேயில் போகும்போது ஒரு மணம். முன்னால் போகிற லொறி என்று நினைத்தேன். லொறி வேறு பக்கம் திரும்பிப் போனது. மணம் என்னோடு வந்தது.

காரை ஓரங்கட்டி டிக்கியைத் திறந்தவன் மூடிவிட்டேன். பிறகு நான் செய்தவற்றை வரிசையாக எழுதினால், இவனுக்கா இருபத்தாறு வருடம் சம்பளம் கொடுத்தார்கள் என்று கேட்பீர்கள். முதலில், டிக்கி திறந்திருக்கிறதா என்று மூன்று முறை இழுத்துப் பார்த்தேன், களவு போய்விடும் என்பதுபோல. பிறகு நேரே ஒரு சூப்பர்மார்க்கெட்டுக்குப் போனேன். அங்கே உயிருள்ள பச்சை உதட்டு மஸ்ஸலைத் தண்ணீர் தெளித்துக் குவித்து வைத்திருப்பார்கள். இடுக்கியால் நாங்களே பொறுக்கலாம். அந்தக் குவியலுக்கு முன்னால் நின்று, தேவியுடைய மஸ்ஸலின் நீளத்துக்கு, நிறத்துக்கு ஒன்று கிடைக்குமா என்று ஒவ்வொன்றாகத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். வேலைக்கு நிற்கிற பெண் ஒருத்தி வந்து, "எல்லாம் சரியா சேர்?" என்று கேட்டாள். "சரி, சரி, கறிக்கு" என்றேன். நெற்றியில் இரண்டு நாள் நீறு, கையில் இடுக்கி, கண்ணில் தண்ணீர். அந்தப் பெண் இரண்டடி பின்னால் போனாள்.

வாங்கவில்லை. அவ்வளவு தைரியமும் எனக்கு இருக்கவில்லை என்பதுதான் காரணம். நேர்மை என்று எண்ணிவிடாதீர்கள்.

ஆய்வுக்கூடத்துக்கு முதல் ஆளாகப் போய், கதவைத் திறந்து, மஸ்ஸலைத் தட்டில் வைத்தேன். உள்ளே சதை என்று சொல்ல எதுவும் இல்லை. கறுப்புக் கூழ். அந்தக் கூழில்கூட ஒரு துளியை ஆல்கஹாலில் போட்டு அனுப்பியிருந்தால் பரிசோதனையில் ஏதாவது பிடிபட்டிருக்கும். ஆனால் படிவத்தில் 'கிடைத்த நேரம்', 'வெட்டிய நேரம்', 'இடையில் எங்கே இருந்தது' என்று மூன்று வரி உண்டு. என்ன எழுதுவது? கடமையிலிருந்த அலுவலர் அரக்கனைத் தோளில் சுமந்துகொண்டிருந்தார் என்றா? நீல மை, கறுப்பு மை இரண்டிலும் மனதுக்குள் எழுதிப் பார்த்தேன். எதிலும் நன்றாக இல்லை. குழாயைத் திறந்து கூழைக் கழுவி விட்டேன். தண்ணீர் போகிற சத்தத்தில்தான் என்ன செய்கிறேன் என்று விளங்கியது. விளங்கிய பிறகும் குழாயை மூடவில்லை.

மிஞ்சியது ஓடு. ஜன்னலோரம் வைத்து உள்விளிம்பைப் பார்த்தேன். பழுப்பு. திருப்பிப் பார்த்தேன். பழுப்பு. விளக்கைச் சாய்த்துப் பார்த்தேன். ஓரத்தில் ஒரு சாயல் இருப்பதுபோல இருந்தது. இன்னும் கொஞ்சம் பார்த்தேன். பார்க்கப் பார்க்கப் பச்சை தெரிந்தது. அப்படித் தெரிய வேண்டும் என்று நான் நின்ற நிலைக்கு, பச்சைக்கிளியே தெரிந்திருக்கும்.

'உள்விளிம்பில் பச்சை தெரிகிறது' என்று எழுதினேன். வெட்டிய நேரம் என்ற வரியில் 'ஓடே போதும், வெட்டவில்லை' என்று எழுதினேன். இடையில் எங்கே இருந்தது என்ற வரியில் 'குளிர்ப்பெட்டியில்' என்று எழுதினேன். சொல்லுக்குச் சொல் அது உண்மை. முதல் பெட்டியில் டிக். சொந்தம்.

மூன்றாவது பெட்டி அதே தாளில், இரண்டு விரற்கடைக்குக் கீழே இருந்தது. அதில் டிக் போட்டிருந்தால் தேவியுடைய கணக்கில் வெறும் சத்தம் என்று ஏறாது. மறுபடி இறங்கித் தேடு என்று அனுப்பியிருப்பார்கள். எனக்கு என்ன நடந்திருக்கும்? ஒரு எச்சரிக்கைக் கடிதம். 'கண்' என்ற பெயர் போயிருக்கும்.

கிரஹாம் படிவத்தை வாசித்தார். ஓட்டைப் பார்க்கவில்லை, என் எழுத்தைப் பார்த்தார்.

"பார்த்தாயா, நினைத்தாயா?"

"பார்த்தேன்."

கையெழுத்திட்டார். விரல் தட்டைத் தள்ளவில்லை.

குளிர்ப்பெட்டியை அலம்பி மூடிக் குழாயடியில் வைத்திருந்தேன். மறுநாள் செவ்வாய்க்கிழமை வேலைக்காகத் தேவி அன்று மத்தியானமே வந்து எடுத்துக்கொண்டு போனாள். ஒரு மாதம் கழித்து ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. நீர்க்காலணியையும் மிதவைச் சட்டையையும் ஒப்படைக்க வந்தவள் ஆய்வுக்கூட நடையில் என்னைக் கண்டு நின்றாள்.

"பச்சை இருந்துச்சாண்ணே?"

"இருந்தது தேவி."

என் முகத்தைப் பார்த்தாள். "சரிண்ணே. கண்ணு உங்களுக்குத்தானே" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தேவி அந்த மஸ்ஸலைக் கொண்டுவந்து எட்டு மாதம் கழித்து, அதே துறைமுகத்தில், அதே தூணில், சுழியோடிகள் ஆறு பழுப்பு மஸ்ஸல் கண்டுபிடித்தார்கள். சதையோரம் முழுக்க முளைகள். நல்ல காலம், பரவுவதற்கு முன் சுரண்டி எடுத்துவிட்டார்கள்; அதன் பின் அங்கே காணவில்லை. அன்று கிரஹாம் பழைய படிவத்தை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். உட்காரக்கூட இல்லை.

"தேவி கொண்டுவந்ததும் இந்தத் தூண்தான். அதில் உனக்கு நிச்சயமா?"

அப்போது சொல்லியிருந்தால் அவளைத் திருப்பிக் கூப்பிட்டிருப்பார்கள். இடம் காலியாகத்தான் இருந்தது. முதல் பொய்யைப் பதற்றத்தில் சொன்னேன் என்று வைத்துக்கொள்ளலாம். இதை ஆற அமர, தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னேன்.

"நிச்சயம். பார்த்தேன்."

அவர் தலையாட்டினார். என்னை நம்பினார். அடுத்த வருடமே ஓய்வுபெற்றுத் தென்தீவுக்குப் போய்விட்டார்.

அதன் பிறகுதான் நான் சூரன் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். யாராவது என்றைக்காவது கேட்டுவிடுவார்களோ என்று பயந்தவன், கேட்பதற்கு முன் தானே சிரித்துக் காட்டுவான் இல்லையா, அப்படி. கதையில் மஸ்ஸல் செத்தது, நாறியது, நான் ஓடியது எல்லாம் உண்டு. கடைசியில் "நல்ல காலம், அது வெறும் உள்ளூர் மஸ்ஸல்!" என்று முடியும். தேவிக்குப் பெயர் கிடையாது. 'மலேசியாக்காரி ஒருத்தி, குட்டையில தவளையைக் கண்டாலும் வெளிநாட்டுத் தவளை எண்டு கத்துவா' என்று ஒரு வரியில் வந்து போவாள். அந்த வரிக்கு நல்ல சிரிப்பு விழும்.

விருந்தன்றும் விழுந்தது. கவிதாவைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள். கவிதா மதுரையிலிருந்து வந்த புதிய ஆய்வாளர். பழைய ஓடுகளையெல்லாம் படமெடுத்துக் கணினியில் ஏற்றுகிறவள். கோப்பை கழுவுகிற இடத்தில் என்னிடம் வந்தாள்.

"சார், நீங்க சொன்ன மஸ்ஸலோட ஓடு இன்னும் டிராயர்ல இருக்கு. போன வாரம்தான் படம் எடுத்தேன்."

"அப்படியே?"

"ஃபார்ம்ல உள்விளிம்புல பச்சைன்னு இருக்கு. பச்சையே இல்லையே சார்."

"வெளிச்சம் காணாமல் இருந்திருக்கும் பிள்ளை."

"ஆமா, எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. ஜன்னல்கிட்ட கொண்டுபோய்ப் பார்த்தேன். வெளியில எடுத்துட்டுப் போயும் பார்த்தேன்." கோப்பையை எடுத்துத் துடைத்தாள். "உங்க கண்ணுல தப்பு இருக்காது சார். அதான் கேக்கறேன். நான் எப்படிப் பார்க்கணும்?"

அந்தப் பிள்ளை மெய்யாகவே கேட்டாள். தன் கண்ணில்தான் பிழை என்று நினைத்துக் கேட்டாள். இன்னும் ஒருத்தியைத் தன் கண்ணை நம்பாதவளாக்கிவிட்டு, கேக் மிச்சத்தைப் பெட்டியில் கட்டிக்கொண்டு நான் வீட்டுக்குப் போக வேண்டும். எனக்கு வழக்கமாக வருகிற, சிரிக்கவைக்கிற பகிடி ஒன்றும் வரவில்லை.

"உம்முடைய கண் சரி, பிள்ளை" என்றேன். "பச்சை இல்லை."

வீட்டுக்கு வந்து சாந்தியிடம் முழுவதும் சொன்னேன். அவள் அடுப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"அப்ப என்ரை பிரிட்ஜ் இல்லையே காரணம்?"

"இல்லை."

"இத்தினை வருசமாச் சனத்துக்கு முன்னால என்னையெல்லே ஆட்டி வைச்சனீங்கள்." அவள் சத்தம் போடவில்லை. "அந்தப் பிள்ளையிட்டைப் போங்கோ. நான் வரமாட்டன். தனியப் போங்கோ."

தகனினிக்குப் போனேன். வழி தெரியும், ஆனாலும் மோட்டார்வேயிலிருந்து வெளியேறும் இடத்தைத் தாண்டிப் போய் இரண்டு முறை சுற்றினேன். தேவிக்கு இப்போது ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. சீருடையோடு கதவைத் திறந்தாள்.

"அட, பாலா அண்ணே. உள்ள வாங்க."

உள்ளே போகவில்லை. செருப்புகள் கிடக்கிற இடத்திலேயே நின்று சொன்னேன். டிக்கி, கூழ், குழாய், விளக்கு, டிக். வாயிலிருந்து வந்ததெல்லாம் ஏதோ இழவுக் கதைபோல வந்தது. ஓர் இடத்திலாவது சிரிக்க வைக்கலாம் என்று சூப்பர்மார்க்கெட்டைச் சேர்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

"தெரியும்ணே" என்றாள்.

"என்ன தெரியும்?"

"அந்தப் பெட்டிய யாரு கழுவினா? நாந்தானே. நீங்க சும்மா தண்ணி ஊத்தி வச்சிருந்தீங்க. மூணு நாளு வெனிகர் போட்டுத் தேய்ச்சேன். அழுகுன சாமான்ல எங்க ஓரம் பார்த்திருப்பாருன்னு அன்னிக்கே தெரிஞ்சிருச்சு."

"ஏன் தேவி சொல்லேல்லை?"

"யாருகிட்ட? கான்ட்ராக்ட்காரி மூக்க நம்புவாங்களா, உங்க கண்ண நம்புவாங்களா? நீங்களே சொல்வீங்கன்னு பார்த்தேன். நடையில வச்சு ஒரு தரம் கேட்டேன்ல. அதுக்குத்தான் கேட்டேன்." வாசல் நிலையில் சாய்ந்துகொண்டாள். "ஒரு பெட்டியில டிக் போட ஏழு வருஷமாண்ணே?"

நான் ஏதோ மன்னிப்பு என்று தொடங்கினேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அந்தத் தவள ஜோக்கு. என் மக அவ ப்ரெண்டு வீட்டு பர்த்டேல கேட்டுட்டு வந்து, 'அம்மா, இஸ் தட் யூ?'ன்னு கேட்டா. வேல போனது போச்சு. அது போகல. நீங்க எல்லாருகிட்டயும் சிரிச்சு சிரிச்சு சொன்னீங்கல்ல? எல்லாருக்கும் எழுதுங்க. தமிழ்ல எழுதுங்க. என் பேரப் போட்டு எழுதுங்க."

தேநீர் தந்தாள். குடித்தேன். கோப்பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஆய்வுக்கூடத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டேன். கவிதா படிவத்தைத் திருத்தினாள். நான் அந்நியம் என்ற பெட்டியில் டிக் போடச் சொன்னேன். அவள் சம்மதிக்கவில்லை. "ஓட்டை மட்டும் வச்சு அப்படிப் போட முடியாது சார். சதை வேணும்." அவள் சொன்னது சரி. தேவி கண்டது சரிதான் என்று அந்தத் தாளில் இனி ஒருநாளும் யாரும் எழுத முடியாது. எழுதுவதற்கு வேண்டியதை நான் குழாயில் விட்டுவிட்டேன். மூன்றாவது பெட்டியில்தான் டிக் விழுந்தது.

கிரஹாமுக்குத் தொலைபேசி எடுத்தேன். நான் சொல்லும்போதெல்லாம் மறுமுனையில் காற்றுச் சத்தம் கேட்டது. கடற்கரைக்குப் பக்கத்தில் இருக்கிறார் போலிருக்கிறது. முடித்ததும், "அவளிடம் சொல்லிவிட்டாயா?" என்று மட்டும் கேட்டார். சொல்லிவிட்டேன் என்றேன். வைத்துவிட்டார்.

மலருக்குக் கொடுப்பதற்கு முன் இதைத் தேவியிடம் வாசித்துக் காட்டினேன். வேட்டி, இடுக்கி, நெற்றி நீறு வந்த இடங்களில் அவளுடைய மகள் சிரித்தாள், தேவி சிரிக்கவில்லை. முடிந்ததும் ஒரே ஒரு திருத்தம் சொன்னாள்.

"வெறும் தேவின்னா யாருன்னு தெரியும்? முழுப் பேரு போடுங்க."

அந்தத் துறைமுகத்தின் தூணில், மற்ற எல்லோருக்கும் எட்டு மாதம் முன்னால், இது நம்முடையதல்ல என்று கண்டு சொன்னவர் தேவி மாரிமுத்து. குளிர்த் தண்ணீரில் நின்று அவர் பார்த்தார். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த எனக்குப் பச்சை தெரியவில்லை.